வெங்காயக் காய்ச்சல்

அக்காமார் சங்கத்துக்கு மேரியில் விழா எடுக்கிறார்கள் என்ற செய்தியோடு என் வீட்டுக்காரர் வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மேரி என்று நாங்கள் சொல்வது கடற்கரை ஓரத்து நகரசபைக் கட்டடம். அவர் அங்கே குமாஸ்தா.

"இருபத்தஞ்சு வருஷமா ஊருக்கு உழைச்சிருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் மேடையில ஒக்கார வச்சு ஆளுக்கொரு மெடல். போட்டோ புடிக்கிறவனும் வர்றான்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே எரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில் ஊரில் பேதி பரவியபோது மூன்று பெண்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. சொந்தக்காரர்களே வாசலோடு திரும்பிப் போன வீடுகளுக்குள் இவர்கள் நுழைந்து, வெந்நீர் வைத்து, துணி அலசி, கஞ்சி ஊட்டினார்கள். பேதி ஒழிந்த பிறகும் சங்கத்தைக் கலைக்க யாருக்கும் மனசு வரவில்லை. பிரசவமோ காய்ச்சலோ சாவோ, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தாலும் அன்று மாலை அங்கே இரண்டு மூன்று பேர் தூக்குவாளியோடு போய் நிற்பார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், ஆலையில் நூல் சுற்றுகிறவள், மீன் விற்கிறவள் என்று முப்பது பேர். வயது பார்க்காமல் ஒருத்தியை ஒருத்தி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த முப்பதில் நான் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நானே வாய் விட்டு மூன்று முறை கேட்டாயிற்று. தலைவி பெர்னதெத் அம்மாள் மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "நீ நம்ம கஞ்சியக் குடிச்சதில்லியே, ஆரோக்கியம்."

அதுதான் அவர்கள் சட்டம். ஒரு தடவையாவது சங்கத்தின் உதவியை வாங்கிக்கொண்டவள்தான் சங்கத்தில் சேரலாம். படுத்துக் கிடந்து பார்த்தவளுக்குத்தான் படுத்துக் கிடப்பவளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியுமாம். எங்கள் வீட்டிலோ அடுப்பு எரியாத நாளே கிடையாது. எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. நான் எங்கே போய் நோயைத் தேடுவேன்?

மெடலுக்காக மட்டும் நான் அலையவில்லை. ஒரே மகள் ஆனந்தமேரி கல்யாணமாகி சைகோனுக்குக் கப்பல் ஏறி ஒன்றரை வருஷம் ஆகிறது. மாலையில் வீடு ஓவென்று கிடக்கும். அந்த நேரம் பார்த்து எங்கள் தெரு வழியாக இவர்கள் வாளியை ஆட்டிக்கொண்டு, யாரையோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்புக்கு நடுவே எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு வெங்காயமாக இடுக்கிக்கொண்டு கம்பளியைப் போர்த்திப் படுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளைகள் செய்கிற வேலை. நாற்பத்தெட்டு வயதில் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரி மூலம் சொல்லி அனுப்பியதும் பெர்னதெத் அம்மாளும், ஆலையில் வேலை பார்க்கும் அஞ்சலாட்சியும் ஓடி வந்தார்கள்.

பெர்னதெத் அம்மாள் என் நெற்றியைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"அஞ்சலாட்சி, இங்க யாராச்சும் வெங்காயம் நறுக்கறாங்களா?"

"இல்லக்கா. கம்பளிக்குள்ளேருந்துதான் வருது."

எழுந்து உட்கார்ந்தேன். ஒரு வெங்காயம் உருண்டு கீழே விழுந்தது. பெர்னதெத் அம்மாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கு அங்கேயே மாயமாகிவிடலாம் போலிருந்தது.

"சரி, வந்தது வந்துட்டோம். நோவு பொய்னாலும் வயிறு நெசந்தானே? கஞ்சி வச்சிட்டுப் போறோம்" என்று அஞ்சலாட்சி சமையலறைக்குப் போனாள். அரிசி டின்னைத் தேடியவள் பக்கத்து டின்னைத் திறந்துவிட்டாள். கையில் ஒரு சின்ன வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்தாள்.

"இந்தமாதிரி பன்னெண்டு சட்டை இருக்கும்மா. பேரப்புள்ளைக்கா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நான்கு மாதமாக எல்லாரிடமும் அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருந்தேன். சைகோனில் என் மகளுக்குப் பிறந்த குழந்தை ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. கடிதம் வந்த அன்று நானும் அவரும் அதைப் படித்தோம், மடித்து வைத்தோம். அதற்குப் பிறகு எங்களுக்குள்கூட அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

அன்று முடியவில்லை. அந்தச் சட்டையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன், சத்தம் போட்டே அழுதேன். அஞ்சலாட்சி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பெர்னதெத் அம்மாள் போய்க் கஞ்சி வைத்தாள். இருட்டும்வரை கூடவே உட்கார்ந்திருந்து, நான் குடித்து முடித்ததும் கிண்ணத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பெர்னதெத் அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னையிலேருந்து நீ சங்கத்துல ஒருத்தி."

"வெங்காயத்துக்கா?"

"வெங்காயத்துக்கில்ல. அப்புறம் குடிச்சியே கஞ்சி, அதுக்கு."

வீட்டுக்கு வந்து கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டேன். மேடையில் எந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தால் முகம் எடுப்பாக விழும் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது பெர்னதெத் அம்மாள் மறுபடி வந்தாள்.

"ஊருக்கு வெளிய, சாரம் கிராமத்துல கிருஷ்ணசாமி சம்சாரம் செல்வாம்பாள் கெணத்தடியில விழுந்து கால ஒடிச்சிக்கிச்சு. வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. இன்னைக்கு சாயந்தரம் யாராச்சும் போவணும்."

"இன்னைக்கா? விழா முடிஞ்சதும் போனா ஆவாதா?"

"அதுவரைக்கும் அவளுக்குப் பசிக்காதா? நான் போறேன்னு அஞ்சலாட்சி நிக்கிறா. பேதியில அவ அம்மாவ தூக்கிப் போட்டதே நாங்கதான், கைக்கொழந்தையா எடுத்து வளத்த பொண்ணு. இருபத்தஞ்சு வருஷத்துல சங்கம் ஒரு நாளும் முறை தப்புனதில்ல, ஆரோக்கியம். அதுக்குத்தான் மெடல் குடுக்கறாங்க. மெடல் வாங்கற அன்னைக்குத் தப்புனா அத எந்த மூஞ்சியோட வாங்கறது?"

என்னைப் போகச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அந்தப் பெண் அஞ்சலாட்சி என் முதுகைத் தடவிய கை ஞாபகம் வந்து தொலைத்தது.

"அந்தப் பொண்ணு மேடையில ஒக்காரட்டும். நான் போறேன்" என்றேன். சொல்லி முடித்ததுமே வருத்தப்படவும் தொடங்கிவிட்டேன்.

சாரத்துக்குக் குதிரைவண்டியில் போகும் வழியெல்லாம் பெர்னதெத் அம்மாளைத் திட்டிக்கொண்டே போனேன். செல்வாம்பாள் கட்டிலில் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு ஒருத்தரும் வேணாம். வந்த வழியப் பாத்துப் போ. நாலு பேருக்குப் போட்டுதான் இந்த வீட்டுக்குப் பழக்கம். அடுத்தவ கையால வாங்கித் திங்கற நெலம இன்னும் வரல."

இதே திமிர்தான் எனக்கும், இம்மியும் குறையாமல். நான் அவள் அடுப்பில், அவள் அரிசியிலேயே கஞ்சி வைத்துக்கொண்டு போய் நீட்டினேன். திரும்பவில்லை. கிண்ணம் கையைச் சுட்டது. கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எம் பொண்ணு சைகோன்ல இருக்கா" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "அவளுக்குப் பொறந்த கொழந்த தங்கலம்மா. ஒரு நாள்கூட இல்ல. பன்னெண்டு சட்ட தச்சு வச்சிருந்தேன். நாலு மாசமா யாருகிட்டயும் சொல்லாம, நல்லா இருக்கா நல்லா இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். முந்தாநாளு இந்தச் சங்கத்துப் பொம்பளைங்க கஞ்சியோட வந்தாங்க. அவங்க எதிர்லதான் அழுதேன்."

ஊரில் இந்நேரம் போட்டோ பிடித்து முடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர எரிச்சல் வரவில்லை.

செல்வாம்பாள் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. கையை ஊன்றி எழப் பார்த்தாள், முடியவில்லை. முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கித் தலையணையில் சாய்த்தேன். கிண்ணத்தை வாங்கி ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்ல. நாளைக்கு வரும்போது பாத்துப் போடு."