நாலாவது வெடி

"பேரு?"

"வைத்தீஸ்வரன். சித்திரை நட்சத்திரம். வெடி மூணு," என்றாள் அம்மிணி.

வழிபாட்டுக் கவுண்டரில் இருந்த கிளார்க் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தேவிக்கு வெடி வெடிக்கச் செய்யும் இந்த வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு முகம் உண்டு. கோர்ட்டில் கேஸ் இழுக்கிறவர்கள், வயிற்றுவலி மாறாதவர்கள், மருமகள் குளிக்காமல் இருந்து நாள் எண்ணுகிறவர்கள். மஞ்சள் பாவாடையும் ஈரப் பின்னலுமாகப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பன்னிரண்டாவது நாளாகத் தொடர்ந்து வந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

"எந்தா மோளே காரியம்?"

"அண்ணாவைப் பட்டாளத்துல எடுக்கணும்."

கிளார்க் யோசித்தார். "பட்டாளத்துக்கு வெடி. அதும் சரிதன்னே," என்று ரசீதைக் கிழித்தார்.

அவர் நினைத்ததுபோல இது வேண்டுதல் இல்லை, பயிற்சி. அதை அவரிடம் சொல்ல முடியுமா? கொஞ்ச தூரத்தில், கோயில் குளத்துக்கு அப்பால், வெடிமருந்து இடித்து நிரப்பும் கதினாக் குழாய்கள் நட்டு வைத்திருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு வைத்தி நின்றிருந்தான். அரைக்கை சட்டை, மேல் பித்தான் வரை போட்டது. கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

மட்டாஞ்சேரியில் அந்தத் தெருவில் வைத்தியைப் பற்றிக் கருத்து இல்லாதவர்கள் கிடையாது. "அவன் ஒரு மாதிரி" என்பார்கள். எந்த மாதிரி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மா கமலாக்ஷி வயிற்றில் அவனை வைத்துக்கொண்டு கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என்று ஒரு கட்சி. ஜாதகத்தில் கேது என்று இன்னொரு கட்சி. எறணாகுளத்து டாக்டர் ஒருத்தர் டானிக் எழுதிக்கொடுத்தார். அதைக் குடித்து வைத்தி இரண்டு கிலோ ஏறினான், அவ்வளவுதான். பாத்திரம் கை தவறி விழுந்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவான். சொல்லாமல் விருந்தாளி வந்தால் கொல்லைக் கதவு வழியாக வெளியேறி, அவர்கள் போன பிறகுதான் வருவான். யாருடைய கண்ணையும் பார்த்துப் பேசமாட்டான், ஆனால் யாரிடமும் பொய் சொன்னதும் கிடையாது. ஒரு தெருவுக்கு இது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்டவன் பட்டாளத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினதற்குக் காரணம் பக்கத்து வீட்டு சிவராமகிருஷ்ணன். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தபோது அவன் வழக்கம்போல அளக்காமல், என்னவோ அன்றைக்கு மட்டும், அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று உள்ளதைச் சொன்னான். நாலரைக்கு விசில். நாலே முக்காலுக்குச் சாயா. ஐந்தரைக்கு மைதானம். கம்பளியை இப்படி மடிக்கணும், பூட்ஸை இந்த இடத்தில் வைக்கணும். வைத்தி அதை மூன்று தடவை சொல்லச்சொல்லிக் கேட்டு, மலையாளத்தில் நோட்டில் எழுதிக்கொண்டான். தமிழ் எழுத அவனுக்கு வராது.

"அங்கே எல்லாத்தையும் முன்னாலேயே சொல்லிடுவாளாக்கும்," என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் சொன்னான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அம்மிணி அதற்கு முன் பார்த்ததில்லை.

மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதும் அப்பா வெங்கிடாசலம் மோரை ஊற்றிக்கொண்டே, "துப்பாக்கி வெடிச்சா இவன் எங்கே போய் ஒளிவன்? எதிராளியோட கட்டிலுக்கடியிலயா?" என்றார். கமலாக்ஷிக்கு வேறு கவலை. "மாம்சம் திங்கச் சொல்லுவாளே." வைத்தி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். மறுநாள் விடிகாலை முதல் ஓட ஆரம்பித்தான். கோட்டைக் கொச்சிக் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பி வருவான். மூச்சுகூட வாங்காது. ஓட்டம் அவனுக்குப் பிரச்சினையே இல்லை. சத்தம்தான்.

வெடி வழிபாடு அம்மிணியின் யோசனை. காலை ஆறரைக்கு, விருச்சிக மாசம் ஒன்றாம் தேதி தொடங்கி மண்டலம் முழுக்க நாற்பத்தொரு நாள், தினம் மூன்று. கதினாவில் மருந்து இடித்துக் கொளுத்துகிறவர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர், சங்கிலிப்பாண்டி. அவரிடம் அம்மிணி ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். திரி வைக்குமுன் சிவப்புத் துண்டை ஒரு தடவை தூக்கிக் காட்டவேண்டும். துண்டு இறங்கியதும் வைத்தி ஐந்து எண்ணுவான். ஐந்தில் வெடிக்கும்.

முதல் நாள் வெடித்ததும் அவன் குந்தி உட்கார்ந்து காதைப் பொத்தினவன் எழுந்திருக்கவே இல்லை. அம்மிணியும் மண்ணில் அவனருகே உட்கார்ந்து, "மூணு ஆயாச்சு அண்ணா. இனி இல்லை," என்றாள். அவன் நிமிர்ந்து, "இனி இல்லையா?" என்று கேட்டான். "இல்லை." உடனே எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்தான். அவள் இல்லை என்றால் இல்லை. இருபது வருஷத்தில் அவன் அப்படி ஒரு பேச்சை வாங்கிக்கொண்ட ஆள் அவள் ஒருத்திதான். ஒன்பதாம் நாள் வெடிக்கும்போது கை காதிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது. இருபதாம் நாள் தொடைக்கு. முப்பதாம் நாள், வெடித்த பிறகு கண்ணைக்கூட இமைக்கவில்லை.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். வெடித்த புகை கலைவதற்குள் ஒலிபெருக்கியில் கிளார்க் வாசித்துவிடுவார், யார் பேரில், என்ன நட்சத்திரம், எத்தனை வெடி என்று. வழிபாடு செய்தவர்களுக்கு அது தேவியின் காதில் விழுந்துவிட்ட நிம்மதி. மற்றவர்களுக்கு யார் வீட்டில் என்ன சங்கடம் என்று படுக்கையிலிருந்தே தெரிந்துகொள்ள ஒரு வசதி. பேரை ஒலிபெருக்கி சொல்லும், காரணத்தைக் கிளார்க் சொல்லுவார். மண்டலம் பாதி போவதற்குள் வைத்தி பட்டாளத்துக்குப் போவது தெருவில் நாய் பூனைக்கும் தெரிந்துவிட்டது.

அதுதான் வினையாயிற்று. தேவராவிலிருந்து அம்மிணியைப் பெண்பார்க்க வந்தார்கள். பையன் வெங்கிடேஸ்வரனுக்குக் கப்பல் கட்டும் இடத்தில் உத்தியோகம். பையனின் அம்மா பஜ்ஜியைப் பிட்டபடி, "பெண்ணுக்கு ஒரு அண்ணா உண்டுன்னு கேட்டோம். ஆளைக் காணலியே," என்றாள். வைத்தி வழக்கப்படி கொல்லை வழியாகப் போயிருந்தான். கமலாக்ஷி தயங்கவில்லை. "பட்டாளத்துல சேரப் போறானாக்கும். அடுத்த வாரம் செலக்ஷன்." மாமியின் முகம் மலர்ந்தது. "அப்போ சுகமில்லாதவன்னு சொன்னதெல்லாம்?" "யார் சொன்னா?" என்றாள் கமலாக்ஷி. அங்கிருந்த எல்லாருக்கும் யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். தெருவேதான்.

அன்று முதல் அம்மிணிக்குத் தூக்கம் போயிற்று. அண்ணாவுக்காகத்தான் இத்தனையும் என்று அதுவரை நினைத்திருந்தாள். இப்போது வெடிச் சத்தத்தில் வெங்கிடேஸ்வரனின் ஒழுங்காக வாரிய தலையும் தெரிந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பின்னால் தேவராவுக்கு வாழப் போய் இரண்டு பெற்ற பிறகும் அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி, அந்த நாலாவது வெடி யாருக்காக என்பதுதான்.

நாற்பதாம் நாள் சங்கிலிப்பாண்டி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "உங்க அண்ணன் தேறிட்டாக தாயி. ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிக்கக் கூடாது. சண்டையில எதிரி துண்டத் தூக்கிக் காட்டிட்டா சுடப்போறான்?"

அது அவள் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்று பூராவும் யோசித்தாள். மறுநாள், கடைசி நாள், வைத்தி செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சங்கிலிப்பாண்டியிடம் ஓடினாள்.

"மூணு முடிஞ்சதும் ஒண்ணு கூட வெச்சிடுங்கோ. துண்டு காட்டண்டா."

"சொல்லாமலா?" அவர் தலையைச் சொறிந்தார். "வைக்கலாம். ரசீது வேணும் தாயி. ரசீது இல்லாம ஒரு பிடி மருந்து எடுத்தாலும் ஆபீஸ்ல என்னய வகுந்துருவாக."

ஓடிப்போய் ரசீது வாங்கினாள். வைத்தி பேரில் மூன்றுதான் வழக்கம், அதைக் குழப்பவேண்டாம் என்று தன் பேரைச் சொன்னாள். நாற்பது நாள் பழகின கோயிலில், இத்தனை யோசித்த பெண்ணுக்கு, ஒலிபெருக்கி ஒன்று இருப்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

முதல் மூன்றும் ஒழுங்காக வெடித்தன. "வைத்தீஸ்வரன், சித்திரை, மூன்று," என்றது ஒலிபெருக்கி. வைத்தி திரும்பி அவளைப் பார்த்து, கண்ணைக்கூடக் கிட்டத்தட்ட பார்த்து, சிரித்தான். "நாற்பத்தொண்ணு ஆச்சு. இனி இல்லை, அல்லே?"

அவள், "இல்லை," என்றாள்.

அவன் செருப்பைப் போடக் குனிந்தபோது நாலாவது வெடித்தது.

அவன் காதைப் பொத்தவில்லை. ஓடவில்லை. குனிந்தபடியே, ஒரு கை செருப்பு வாரில் இருக்க, அசையாமல் நின்றான். ஜெயித்துவிட்டோம் என்றுதான் அம்மிணி நினைத்தாள், அந்த ஒரு நொடி. அப்புறம் ஒலிபெருக்கி கரகரத்தது. "அம்மிணி, ரோகிணி, ஒன்று."

வைத்தி மெதுவாக நிமிர்ந்தான். "உன் பேரு."

"அண்ணா, அது ஒரு பரீட்சையாக்கும். நீ பயப்படலை, பாரு, நீ..."

"இல்லைன்னு சொன்னியே," என்றான். கோபமில்லை. கூட்டல் ஒன்றில் விடை வராததுபோல ஒரு திகைப்பு. "இனி நீ சொல்றதை வெச்சு எனக்கு எண்ண முடியாது."

தூரத்தில் சங்கிலிப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

செலக்ஷன் மூன்றாம் நாள், எறணாகுளத்தில் ஒரு மைதானத்தில். கூடவே போய் வேலிக்கு வெளியே நின்று, ஒவ்வொன்றும் நடக்குமுன் அண்ணாவுக்குச் சொல்வதாக முன்பே பேசி வைத்திருந்தாள். எழுந்து பார்த்தால் வைத்தி இல்லை. முதல் போட்டிலேயே அக்கரைக்குப் போய்விட்டான். அடுத்த போட்டைப் பிடித்து, எறணாகுளம் படகுத்துறையிலிருந்து புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

மைதானத்தில் நூற்றுக்கணக்கான பையன்கள். ஓட்டம் முடிந்திருந்தது. வேலியோரம் வேர்க்கடலை விற்றவன் தானாகவே சொன்னான், மேல் பித்தான் போட்ட ஒருத்தன் முதலாவதாக வந்தான் என்று. அம்மிணிக்குக் கண் நிறைந்தது. வரிசையில் தேடினாள். வரிசையில் இல்லை. வைத்தி கேட்டைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தான், நெஞ்சில் நூற்றுப் பதினேழு என்று எழுதின காகிதத்தோடு.

"எங்கே போறே?"

"பத்து நிமிஷத்துல கூப்பிடறோம்னா. பதினொரு நிமிஷமாச்சு."

"பத்துன்னா பத்து இல்லைடா அண்ணா. கொஞ்ச நேரம்னு அர்த்தம். கூப்பிடுவா. திரும்பிப் போய் நில்லு."

அவன் நின்றான். யோசிக்கிறான் என்று தெரிந்தது. போன வாரமாக இருந்தால் இதற்குள் திரும்பி நடந்திருப்பான். அவன் பார்வை அவள் காது வரைக்கும் வந்து அங்கேயே தங்கியது.

"அது உனக்கெப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். "சத்தியமா கூப்பிடுவா," என்றாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு, முட்டாமல், மரியாதையாகப் போனான். அவள் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை, பின்னாலேயே போனாள். தொட்டால் அவனுக்கு ஆகாது என்பது அவளுக்கு அந்த நேரத்திலும் நினைவிருந்தது. அவர்கள் ரோட்டைத் தாண்டுவதற்குள் மைதானத்திலிருந்து யாரோ ஹிந்தியில் எண்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பஸ்ஸின் இரைச்சலில் நூற்றுப் பதினேழு அதில் வந்ததா என்று அவளுக்குக் கேட்கவில்லை. அவன் கேட்டானா என்று அவள் கேட்கவில்லை.

படகுத்துறையில் வெயில் ஏறியிருந்தது. வைத்தி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து நெஞ்சிலிருந்த காகிதத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்து நாலாக மடித்தான்.

"மட்டாஞ்சேரி போட்டு பன்னிரண்டே நாற்பதுக்கு," என்றாள் அம்மிணி.

அவன் எழுந்தான். டிக்கெட் ஜன்னலில் நாலு பேருக்குப் பின்னால் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து எதையோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான்.

"பன்னிரண்டே நாற்பது," என்றான், அவளுக்குத் தெரியாத சேதி ஒன்றைச் சொல்வதுபோல.

கும்பளங்கிப் பக்கத்து மீன்காரி ஒருத்தி வந்து அந்தக் காலி இடத்தில் கூடையை இறக்கினாள். கூடையிலிருந்து சொட்டின தண்ணீர் பெஞ்சின் விளிம்பு வழியாகத் தரையில் இறங்கி இரண்டு பக்கமும் ஓடியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.