பக்கத்து சீட்டின் அளவு

"ஐயா என்ன ஒசரமுங்க?" என்று மூங்கிலைப் பிடித்தபடி கேட்டான் சென்னகிருஷ்ணன். பாடை கட்டுகிறவன். பந்தலில் இருந்த பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறடி என்றார் ஒருவர். அத்தனை ஏது என்றார் இன்னொருவர்.

"நூத்தி எழுபத்தொண்ணரை சென்டிமீட்டர்," என்றான் ஹர்ஷா.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பனைப் பறிகொடுத்தவன் பேசுகிற பேச்சா இது? அதோடு விட்டான், அந்த மட்டுக்கும் சரி. தோள் அகலம், இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால் என்று அத்தனையும் அவனுக்கு மனப்பாடம்.

"அடிக்கணக்குல சொல்லுங்க சாமி," என்றான் சென்னகிருஷ்ணன்.

"அஞ்சே முக்கா வெச்சுக்குங்க."

பங்காருசாமி நேற்று மாலை காபித் தம்ளரைக் கீழே வைத்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். பீளமேட்டில் நூல் மில் வைத்து நடத்திய மனிதர். ஒரே மகன் ஹர்ஷா வெளிநாட்டில் ஒரு கார் செய்யக் கொடுத்திருந்தான். ஷோரூமில் போய் எடுத்து வருகிற ரகமல்ல. ராக்கெட் வேகத்துக்குப் பறக்கிற வண்டி. தையல்காரனிடம் சட்டை தைக்கக் கொடுப்பதுபோல நிறம் சொல்லி, தோல் சொல்லி, உடம்பளவு கொடுத்து, உலகத்திலேயே ஒன்றே ஒன்றாகச் செய்து வாங்குவது. சீட்டில் ஓடும் தையலுக்கு ஆரஞ்சு நூலில் எந்த ஆரஞ்சு என்று முடிவெடுக்கவே ஆசாமிக்கு இரண்டு மாதம் பிடித்தது. நூல் மில் வீட்டுப் பிள்ளை வேறு!

ஆனால் பக்கத்து சீட்டு யாருக்கு என்று அவன் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அது நைனாவுக்கு, அப்பாவுக்கு. இடுப்பெலும்பு மாற்றியதிலிருந்து பங்காருசாமியால் காரின் முன்சீட்டில் உட்கார முடிவதில்லை. முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காத பயணம் அவருக்குப் பயணமே இல்லை. பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று முனகுவார். அதனால்தான் அந்தச் சீட்டை உயர்த்தி, வெளிப்பக்கம் திரும்புகிற மாதிரி, அவர் உடம்புக்கென்றே அச்செடுத்துச் செய்யச் சொல்லியிருந்தான். முடியாது என்றவர்களிடம் ஆறு மாதம் மல்லுக்கட்டினான். எண்பதாம் கல்யாணத்துக்குச் சட்டை தைக்க என்று பொய் சொல்லி, அவரை நிற்க வைத்தும் உட்கார வைத்தும் அளவெடுத்தான். கார் வந்து இறங்கும் வரை அந்தச் சீட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று மனைவி பிந்துவிடமும் சத்தியம் வாங்கியிருந்தான்.

பிந்து அவனைச் சமையலறைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. போன மாசம் மாமா எங்கிட்ட, அந்தக் காருல எத்தனை சீட்டும்மான்னு கேட்டாரு. ரெண்டுதானுங்க மாமான்னு சொல்லிப்போட்டேன்."

பிந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னாடி சின்னதா ஒண்ணாச்சும் வெக்க மாட்டாங்களாம்மான்னாரு. அந்த மாதிரிக் காருல பின்சீட்டே கிடையாதுங்க மாமான்னு நான் சிரிச்சேன். சரி, நீங்க ரெண்டு பேரும் நல்லாப் போயிட்டு வாங்கன்னாரு. சத்தியம் பண்ணியிருந்தனே, வேற என்னங்க சொல்றது?"

போன மாதம்.

அந்த வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் ஓடும். ஆனால் மகனிடம் பங்காருசாமிக்கு எப்போதும் தெலுங்குதான். என்னடா என்கிற உரிமையோடு ஏமிரா என்றுதான் கூப்பிடுவார். போன மாதத்திலிருந்து அது மாறிப்போனது. "வாங்க, உக்காருங்க. உங்க ஃபேக்டரி எப்படிப் போகுதுங்க?" என்று தமிழில் கேட்டார். பெரிய கார்க்காரன் ஆகிவிட்டோமே, நைனா கேலி செய்கிறார் என்று ஹர்ஷாவும் பதிலுக்கு "நல்லாப் போகுதுங்க" என்று சிரித்தான். வேறு ஊரென்றால் அப்பன் மகனை வாங்க என்ற அன்றைக்கே உறைத்திருக்கும். எதிரில் வருகிற யாருக்கும் ஒரு 'ங்க' போட்டு வைக்கிற கோயமுத்தூரில் கோபம் எது, மரியாதை எது என்று யார் கண்டது? மில்லுக்குப் பஞ்சு விற்க வருகிறவர்களிடம் அவர் அப்படித்தான் பேசுவார். அந்நியர்களிடம் அப்படித்தான் பேசுவார். முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டான் ஹர்ஷா. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? ஆச்சரியப்படுத்தப் போனானாம்.

"கடைசியா நேத்து என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள் பிந்து.

"காபி ஆறுது, குடிங்கன்னாரு."

பிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் அம்மா ரங்கம்மாளின் அழுகுரல் உயர்ந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள் போலிருக்கிறது.

போன் அடித்தது. கார் கம்பெனிக்காகப் பெங்களூரிலிருந்து பேசுகிற ரித்திகா. அவளுக்கு விஷயம் தெரியாது. எடுத்திருக்க வேண்டாம். பழக்கத்தில் எடுத்துவிட்டான்.

"சார், ஒரு நிமிஷங்க. உங்கப்பா சீட்டுக்கு இன்னிக்கு அச்சு வெட்டறாங்க. அப்புறம் மாத்த முடியாதாம். அளவுல ஏதாச்சும் மாத்தம் இருக்குங்களா?"

ஹர்ஷா சுவரில் சாய்ந்துகொண்டான்.

"இல்லைங்க. அதே அளவுதான்."

"ரொம்ப நல்லதுங்க சார். உக்காந்து எந்திரிக்க அவருக்குக் கொஞ்சங்கூடச் சிரமம் இருக்காதாம். அவருகிட்டச் சொல்லிருங்க."

"சொல்றேனுங்க," என்றான்.

வாசலுக்கு வந்தபோது பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்திருந்தார்கள். முன்பக்கம் வலது மூலையில் ஆளில்லை. அவனுக்காக விட்டுவைத்திருந்தார்கள்.