பட்டியலில் ஏழாவது

மூன்றாவது முறையும் நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில் நின்றுவிட்டது. திரையில் சிவப்பாக 'பிழை' என்று ஒரு சொல். என்ன பிழை, யார் செய்த பிழை என்று விளக்கும் வழக்கம் அந்தப் புதிய சாஃப்ட்வேருக்குக் கிடையாது.

நான் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பழைய சாஃப்ட்வேரில் இருந்த நோயாளிகளின் விவரங்களை ஒரு ஃபைலாக வெளியே எடுத்து, புதியதற்குள் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. "ரெண்டு கிளிக் மேடம்," என்று எங்கள் பிரிவுத் தலைவியிடம் சொல்லித்தான் கம்பெனிக்காரர்கள் அதை விற்றிருந்தார்கள். மூன்று நாள் போயிருந்தது.

கம்பெனியிலிருந்து வந்தவனுக்கு 'கமா' என்று நான் பெயர் வைத்திருந்தேன். எது கேட்டாலும் கமாவில்தான் கோளாறு என்பான். இந்த முறை அவன் சொன்னது சரிதான். ஃபைலில் ஒரு விவரத்தையும் அடுத்ததையும் பிரிப்பது கமாதான். அதனால் யாரோ ஒருவரின் முகவரியிலேயே கமா இருந்தால், அந்த வரியில் எல்லாமே ஒரு கட்டம் தள்ளிப் போய்விடுகிறது. ஒருவரின் வயது தொள்ளாயிரத்து எண்பது கோடி; அது அவருடைய போன் நம்பர். இன்னொருவரின் ரத்த வகை 'இரண்டாவது மாடி'.

கமா அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டான். போனில் கேட்டேன்.

"ஃபைலைத் திறந்து முகவரியில இருக்கற கமாவை எல்லாம் எடுத்துடுங்கக்கா. சிம்பிள்."

கட்டம் கட்டமாகக் காட்டும் கணக்குத்தாள் புரோகிராமில் ஃபைலைத் திறந்தேன். ஒரு முழு நாள் உட்கார்ந்து கமாக்களைப் பொறுக்கினேன். அதே பெயரில் சேவ் செய்தேன். நான்காவது முறை பச்சை நிறத்தில் டிக் வந்தது. ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு பேரும் ஏறிவிட்டார்கள். சந்தோஷமெல்லாம் வரவில்லை. கழுத்துதான் வலித்தது.

மறுநாள் காலையில் ஸ்டோர்காரர் வந்து பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு நாற்காலி கேட்டால் ஆறு மாதம் இழுத்தடிக்கிற மனிதர், இதை மட்டும் ஒரே நாளில் துடைத்து எடுத்து, உள்ளே இருந்த அத்தனையையும் அழித்துவிட்டார். விதி அப்படியாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணன் போன் செய்தான்.

"சின்னவளே, மெசேஜ் வந்திருக்கு. ஏழாவது இடம்னு போட்டிருக்கு! போன மாசம் முப்பத்தொண்ணுன்னு தானே சொன்னே?"

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். வாரத்தில் மூன்று நாள் எங்கள் மருத்துவமனையில் வந்து ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறான், மற்ற நாட்களில் பிறருக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுக்கிறான். மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. ஒரே ரத்த வகைக்குள் யார் முதலில் பதிவு செய்தார்களோ அவர் முன்னால். எந்தத் தேதியில் பதிவு செய்தோம் என்பதுதான் அதில் உயிர். இடம் மாறினால் புதிய சாஃப்ட்வேர் தானாகவே மெசேஜ் அனுப்பும். அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தது.

"பார்த்துச் சொல்றேண்ணா," என்று வைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். பதிவு தேதி, போன வருடம் பிப்ரவரி பதினொன்று.

அவனைக் கூட்டிவந்து பதிவு செய்தவள் நான்தான். அது நவம்பர் இரண்டாம் தேதி. வண்டி நிறுத்துகிற இடத்தில் காவலாளியோடு அரை மணி நேரம் சண்டை போட்டான், அந்த நாளை நான் மறக்க வாய்ப்பில்லை. நாங்கள் நாளை முன்னால் எழுதுவோம். அந்தக் கணக்குத்தாள் புரோகிராம் மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கும். 2-11 என்பதைப் பார்த்ததும், என்னைக் கேட்காமல் கொள்ளாமல், பிப்ரவரி பதினொன்று ஆக்கியிருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் உள்ள நாட்களைத் தொடவில்லை, அத்தனை மாதம் இல்லையே. நான் கமா பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் கண் முன்னாலேயே இது நடந்திருக்கிறது.

அண்ணன் ஏழாவது இடத்தில் இருந்தான். அது தப்பான இடம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செவ்வாயும் புதனும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மனப்போராட்டம் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டேன், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, துணி காயப்போட்டேன். உள்ளே மரத்துப்போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான். வியாழக்கிழமை ஒரு வரி கண்ணில் பட்டது. ஒருவர் இந்த வருடம் டிசம்பர் மூன்றாம் தேதி பதிவு செய்திருந்தார். அப்போது நடந்துகொண்டிருந்தது ஜூன் மாதம். இதை வேறு யார் பார்த்தாலும் நான் மாட்டிக்கொள்வேன். அந்தப் பயத்தில்தான் போய்ச் சொன்னேன், நல்ல மனசால் அல்ல.

பிரிவுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"நகல் எடுத்து வைக்கலையா?"

"எடுத்தேன் மேடம். திருத்தின ஃபைலைத்தான் நகல் எடுத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. பட்டியலில் இருந்த இருநூற்று நாற்பது பேரில் தொண்ணூற்று நாலு பேரின் தேதி சந்தேகம். எல்லோரிடமும் பதிவு செய்த அன்று கொடுத்த மஞ்சள் அட்டை இருக்கும், தேதி கையால் எழுதியது.

"ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு அட்டையைப் படிக்கச் சொல்லுங்க. அவங்க சொல்றதைப் போடுங்க. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பட்டியலைப் பூட்டிடறேன்." பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தார். "உங்க அண்ணன் பேரும் இருக்கே. அவரை நான் கூப்பிடவா?"

"வேண்டாம் மேடம். நானே கூப்பிடறேன்."

கூப்பிட ஆரம்பித்தேன். "பதிவுப் பிரிவுலேர்ந்து பேசறேன், மஞ்சள் அட்டையில என்ன தேதி போட்டிருக்கு?" பத்துப் பேருக்குள் அந்த வாக்கியம் என்னைக் கேட்காமலே வாயிலிருந்து வர ஆரம்பித்துவிட்டது. ஒரு தச்சர் ஏணியில் நின்றுகொண்டே பேசினார், இறங்கிப்போய் அட்டையை எடுத்துவந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, நன்றி வேறு சொன்னார். அவர் சொன்ன தேதியால் பதினாறு இடம் பின்னால் போனார். சிலர் அட்டை தொலைந்துவிட்டது என்று வாயில் வந்த தேதியைச் சொன்னார்கள். அதையும் போட்டேன். சொன்னதைப் போடச் சொல்லியிருக்கிறார்களே.

இருபத்திரண்டாவதாக ஒரு வீட்டில் மனைவி எடுத்தார்.

"அவர் போய் மூணு வாரம் ஆச்சுங்க," என்றார். பிறகு, "அட்டை இருக்கு. படிக்கட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் தேதியைப் படித்தார், நான் கேட்டுக்கொண்டேன். நாற்பத்தெட்டாவதிலும் அதே கதை, அங்கே பேசியது மகள். திரையில் 'நீக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் காரணம் கேட்கும், ஐந்து காரணங்கள் கொடுத்திருக்கிறார்கள், நான்காவது இறப்பு. இருவரும் அண்ணனின் ரத்த வகை, இருவருமே அவனுக்கு முன்னால் பதிவு செய்தவர்கள். இரண்டு முறை நான்காவதை அழுத்தினேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அறுபத்தொன்றாவது நம்பர் அண்ணனுடையது.

"கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா, வண்டி என்ன குதிரையா?" என்றுதான் போனை எடுத்தான். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். அவன் வண்டியை ஓரம் கட்டச் சொல்வது கேட்டது. கதவு திறந்து மூடியது.

"என்ன விளையாடறியா? நீதானே கூட வந்தே?"

"நீ படிக்கணும்ணா. எல்லாரையும் கேக்கறோம். தேதியெல்லாம் மாறிப்போச்சு. என் தப்புதான்."

அவனுக்கு விளங்கிவிட்டது. எதிலும் மந்தமானவன் அல்ல.

"அப்போ அந்த ஏழு?"

நான் அவன் வரியைத் திரையில் திறந்தேன்.

"நீ எந்தத் தேதியைப் போடுவே?"

"நீ சொல்றதை."

அவன் பக்கம் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அட்டை எங்கேயோ தொலைஞ்சு போச்சு," என்றான். "பிப்ரவரி பதினொண்ணுன்னு ஞாபகம்."

தட்டினேன். சேவ் என்று அழுத்தினேன். 'எந்த மாற்றமும் இல்லை' என்று வந்தது. அது ஏற்கெனவே அந்தத் தேதியில்தானே இருந்தது. அறுபத்திரண்டாவது நம்பரைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு என் போனில் ஒரு படம் வந்தது. மஞ்சள் அட்டை. அதைக் காரின் ஸ்டீயரிங்கில் சாய்த்துவைத்து எடுத்திருந்தான். தேதி 2-11, பக்கத்தில் என் கையெழுத்து, சாட்சியாக அன்று நான் போட்டது. கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். பூட்டப் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது, போன் பையில் இருந்தது என்றால் யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? அந்தப் பதினைந்தில் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்மேல் கோபம் வந்தது, கமாவின்மேல் வந்தது, அதைவிட அதிகமாக அண்ணன்மேல் வந்தது. சுமையை இறக்கி என் தலையில் வைத்துவிட்டானே என்று. பிறகு அவன் வரியைத் திறந்து, பிப்ரவரியை அழித்து, நவம்பர் இரண்டு என்று தட்டினேன். இந்த முறை மாற்றம் இருந்தது.

ஐந்தரைக்கு அவன் கூப்பிட்டான்.

"மெசேஜ் வந்துடுச்சு. இருபத்தொம்பது."

"ம்."

"முன்னாடி முப்பத்தொண்ணு தானே? அட, ரெண்டு இடம் ஏறியிருக்கேன்!" அண்ணியைக் கூப்பிட்டு, "கேட்டியா, ரெண்டு இடம் முன்னாடி வந்தாச்சு," என்று அவன் சத்தமாகச் சொல்வது கேட்டது. பிறகு குரல் என் பக்கம் திரும்பியது.

"எப்படிச் சின்னவளே? ரெண்டு பேருக்குக் கிடைச்சிடுச்சா?"

மேஜைமேல் நான் கூப்பிட்டு முடித்த தொண்ணூற்று நாலு பேரின் தாள் கிடந்தது. இருபத்திரண்டிலும் நாற்பத்தெட்டிலும் குறுக்கே கோடு இழுத்திருந்தேன்.

"ஆமாண்ணா," என்றேன். "ரெண்டு பேருக்குக் கிடைச்சிடுச்சு."

"யாரோ என்னவோ," என்றான் அண்ணன். "நல்லா இருக்கட்டும்."