எந்தச் சாமியும் கேட்காத கறி

மகள் பாரதி காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதில் ராஜாராமுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். சம்பந்தி ஆனந்தராஜ் இன்னும் அவர் வீட்டில் கை நனைக்கவில்லை. திண்டிவனத்துக் கிறிஸ்தவ சபையில் மூப்பர் அவர். செஞ்சியில் இருக்கும் ராஜாராம் வீட்டுக்கு வருவார், நாற்காலியில் விறைப்பாக உட்காருவார், ஊர் நிலவரம் பேசுவார், போய்விடுவார். தலை தீபாவளிக்கு மருமகன் எழில் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் அப்பா மட்டும் வயிறு சரியில்லை என்றார். பஸ் ஏறுகிற வரைக்கும் அந்த வயிறு சரியாகவே இல்லை. சாமிக்குப் படைத்ததை அவர் தொட மாட்டார் என்பது பிறகு பாரதி சொல்லித்தான் தெரிந்தது. இந்த வீட்டில் எதைப் படைத்தார்கள், எதைப் படைக்கவில்லை என்று மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

ராஜாராம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். ஊருக்கே கரண்ட் கொடுக்கிறவர் வீட்டில் ஒருவர் ஒரு வாய் சோறு தின்ன மாட்டேன் என்கிறார். அப்படியென்றால் மகளையும் அவர் மனதார ஏற்கவில்லை என்றுதானே அர்த்தம்? அந்த நினைப்பு ராஜாராமை உள்ளுக்குள் அரித்தது. உடனே ஒரு முடிவுக்கு வந்தார். தலை தீபாவளி மாமனார் வீட்டில் என்றால், தலை கிறிஸ்துமஸும் மாமனார் வீட்டில்தான். இது எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்கப் பாரதிக்கு மனம் வரவில்லை. சம்பந்திகள் வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

கறி விஷயத்தில்தான் இடித்தது. ஆடு என்றால் முனீஸ்வரனுக்கு. நாட்டுக்கோழி என்றால் அங்காளம்மனுக்கு. பன்றி காட்டேரிக்கு. கருவாடுகூட ஆடி மாதம் கூழோடு சேர்ந்து அம்மனுக்குப் போய்விடுகிறது. இந்தத் தாலுகாவில் சாமி வாய் வைக்காத கறி ஒன்றாவது உண்டா என்று ராஜாராம் லைன் கம்பத்தைப் பார்த்தபடி யோசித்தார். வான்கோழி! இதுவரை எந்தச் சாமியும் யார் மேலும் வந்து வான்கோழி கேட்டு ஆடியதில்லை. அன்றைக்கே சம்பந்திக்குப் போன் போட்டு, விருந்தே வான்கோழிதான் என்று அறிவித்துவிட்டார்.

அவலூர்பேட்டைப் பக்கம் கன்னியப்பன் என்பவர் வான்கோழி வளர்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று ராஜாராமுக்குத் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்கிற பழக்கமும் கிடையாது. கன்னியப்பன் ஒவ்வொன்றாகப் பிடித்து நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். இவரும் தடவினார், ஜோசியர் மாதிரி தலையை ஆட்டினார். பெட்டைக் கறி மிருதுவாக இருக்கும் என்று கன்னியப்பன் எவ்வளவோ சொல்லியும், தோகை விரித்து மிரட்டிய கிழட்டுச் சேவலைத்தான் வாங்கினார். சம்பந்தி பார்த்தால் அசந்துபோக வேண்டாமா? கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தானே வந்து அறுத்துக் கொடுப்பதாகக் கன்னியப்பன் சொன்னார்.

வீட்டுக்கு வந்த சேவல் தெருவையே ஆட்டி வைத்தது. பக்கத்து வீட்டு விநாயகத்தை மூன்று தடவை துரத்தியது. மார்கழிப் பனி விழத் தொடங்கியதும் தலை தொங்கி ஒரு மூலையில் ஒடுங்கிவிட்டது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டார். ராஜாராமுக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தியே படுத்துவிட்ட மாதிரி தவித்தார். இரண்டு நாளில் அது எழுந்து மறுபடியும் விநாயகத்தைத் துரத்தியது. அதன் காலில் ஒரு மஞ்சள் துணி முடிந்திருந்ததை ராஜாராம் பார்த்தார். யாரும் திருடாமலிருக்க மனைவி மீனம்பாள் செய்த அடையாளம் என்று நினைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில் கன்னியப்பன் கத்தியோடு வந்தார். சேவலைப் பிடித்தார், காலைப் பார்த்தார், கத்தியைப் பையில் போட்டுக்கொண்டார். நேர்ந்துவிட்டதன் மேல் தான் கை வைப்பதில்லை என்றார்.

மீனம்பாள் ஒளிக்கவில்லை. "நீங்க சாப்டாம கெடந்தீங்க. இது பொழச்சா இதையே உனக்கு வுட்டுடறேன்னு மேல்மலையனூர் ஆத்தாகிட்ட வேண்டிக்கினேன்."

எதைக் காப்பாற்ற வேண்டிக்கொண்டாளோ அதையே காணிக்கையாகக் கொடுத்திருக்கிறாள்! ராஜாராம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பதிலுக்கு இரண்டு நாட்டுக்கோழி விடுவதாகப் பேரம் பேசிப் பார்த்தார். மாற்றிக்கொடுக்க ஆத்தா கடையா வைத்திருக்கிறாள் என்று மீனம்பாள் கேட்டாள். பேசாமல் அறுத்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு கன்னியப்பனை நாட்டுக்கோழி பிடித்து வரச் சொன்னார்.

கிறிஸ்துமஸன்று குழம்பு கொதித்து இறங்குகிற வரைக்கும் ராஜாராம் அடுப்பை விட்டு நகரவில்லை. மீனம்பாள் பழக்க தோஷத்தில் முதல் கரண்டியைச் சாமிக்கு எடுத்து வைத்துவிடக் கூடாது. அவள் "தாயே" என்று கொட்டாவி விட்டதற்குக்கூட அதட்டினார்.

ஆனந்தராஜ் கேக்கோடு வாசலில் இறங்கியதும் முதலில் வரவேற்றது சேவல்தான். தோகை விரித்து, கழுத்து சிவந்து, வழியை மறித்து நின்றது. அவர் முகம் சுருங்கியது.

"வான்கோழின்னு சொன்னீங்களே சம்பந்தி" என்றார்.

ஊசி போட்ட கோழியைச் சாப்பிடக் கூடாதாம் என்று ராஜாராம் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். பாரதி கதவருகே கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய்யைக் கைவிட்டார். நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லி முடித்துத் தலை குனிந்துகொண்டார்.

"அறுத்துப் போட்டிருந்தா எனக்கு இன்னா தெரியப் போவுது?" என்று கேட்டார் ஆனந்தராஜ்.

"உங்களுக்குத் தெரியாது சம்பந்தி. எனக்குத் தெரியுமே."

ஆனந்தராஜ் சேவலை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே என்ன குழம்பு என்று விசாரித்தார். நாட்டுக்கோழிதான், யாருக்கும் படைக்கவில்லை, அடுப்புப் பக்கத்திலேயே நின்றேன் என்று ராஜாராம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஆனந்தராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி ஜெபம் செய்தார். நீண்ட ஜெபம். குழம்பு, சோறு, சமைத்த கை எல்லாவற்றையும் ஆண்டவர் சமுகத்தில் வைத்து ஆசீர்வாதம் கேட்டார்.

மீனம்பாள் புருஷன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "அவங்க சாமிக்குப் படைச்சாச்சு. இப்ப நாம சாப்டலாமா?"

 ராஜாராமின் கண் சம்பந்தியின் வலது கையில் இருந்தது. அது சோற்றில் இறங்கியது, குழம்பைப் பிசைந்தது, வாய்க்குப் போனது. ராஜாராம் சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு கம்மி" என்றார் ஆனந்தராஜ்.

குறை சொல்லிச் சாப்பிடுகிறவர்தானே நிஜமான சம்பந்தி. ராஜாராம் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.