உறையாத டம்ளர்

1

இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை. ஒரு நர்ஸ் என் மடியில் போட்டுவிட்டுப் போனார். சிவகாசி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஆரோக்கியம் அக்கா, "தம்பி, ஒரு பிள்ள பால உறைய வச்சு எங்க ஆராய்ச்சியவே கவுத்துப்புட்டா" என்று ஆரம்பித்தார். கேட்டதும் அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றிவிட்டேன். பாலை மாற்றவில்லை.

2

"விஸ்வநத்தத்தின் அதிகாலை கந்தகம் மணக்க…" சீ, அடித்துவிட்டேன். பட்டாசு ஊர் என்றால் கந்தகத்தில்தான் தொடங்க வேண்டுமா?

ஜெபிஷா, பத்தொன்பது வயது, வெடிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறாள். பிறவியிலேயே எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் வரிசையில் சிநேகமானவன் காலேப், அவனுக்கும் பிறவியிலிருந்தே. நல்ல கிருமி கொடுத்தால் இவர்கள் குடலும் எதிர்ப்புச் சக்தியும் தேறுமா என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி; இருவரும் அதில் சேர்ந்தார்கள். பாதிப் பேர் பொட்டலத்தில் கிருமி, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற அக்காவுக்கே தெரியாது.

ஜெபிஷா தேறினாள். வயிற்றுப்போக்கு நின்று சதை பிடித்தது. காலேப் துரும்பாக இளைத்தான். தன் பொட்டலம்தான் நிஜம் என்று முடிவுகட்டி, அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு அவனுடையதைத் தான் தின்றாள்.

(இவ்வளவு அசடா என்று கேட்காதீர்கள். பாசம் வந்தால் எல்லாரும் இப்படித்தான்.)

3

ஒருநாள் காலேப் முரண்டு பிடித்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான் புள்ள. ஒன் பொடியத் தின்னும் நான் தேறலயே?"

"போலே! தயிருல இருக்க மாதிரிக் கிருமின்னு அக்கா சொன்னாகள்ல? உறை ஊத்திக் காட்டுறேன், காலைல வந்து பாரு."

வெதுவெதுப்பான பால், இரண்டு டம்ளர். ஒன்றில் அவள் பொட்டலம், மற்றதில் அவனுடையது.

விடிந்து பார்த்தாள். அவனுடையது கெட்டித் தயிர். அவளுடையது பாலாகவே கிடந்தது.

ஐயோ! (வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.) அவனைத் தேற்றுகிறேன் என்று அவன் வாயில் விழவேண்டியதை இவளல்லவா தின்றிருக்கிறாள்! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டதே. அப்படியானால் மாற்றிக்கொள்ளும் முன், வெறும் மாவைத் தின்று இவள் எப்படித் தேறினாள்? எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியவில்லை.

4

அவளைக் காப்பாற்றப் பார்த்தேன். "அவன் பொடி போட்ட டம்ளரில் பழைய தயிர் ஒட்டியிருந்ததால்…" என்று ஒரு வரி எழுதினேன்.

பொய். அந்த வீட்டில் அவள் புழங்கும் டம்ளர்களைத் தனியே கொதிநீரில் போட்டுத்தான் எடுப்பார்கள். வளர்க்கிறவர்களுக்கே அம்புட்டுப் பயம்.

5

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டாள். காலேப்பிடம் சொன்னாளா? நான் கேட்பதற்குள் அக்கா திருத்தங்கலில் இறங்கிவிட்டார்.

ஆகவே இதோ, வாசலில் காலேப்பை நிறுத்தியிருக்கிறேன். மூச்சு வாங்குகிறது, சிரிக்கிறான்.

"எது புள்ள உறைஞ்சுச்சு? ஒன்னோடதா?"

ஆமாம் என்றால் அவன் மாவையே தின்பான். இல்லை என்றால் இவள் முகத்தில் இனி விழிப்பானா? இரண்டையும் எழுதி இரண்டையும் கிழித்துவிட்டேன். அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். நீங்களாவது பதில் சொல்லுங்கள்.