குடும்பப் பெயர் என்ற கட்டம்

பட்டினப்பாக்கத்து ஜாஸ்மின் தன் இரண்டாவது உளவியல் ஆய்வுக் கட்டுரைக்கு மேற்கோள் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தாள். கட்டுரையை எழுதியவரின் குடும்பப் பெயர் முழுசாக முன்னால் வரவேண்டும், சொந்தப் பெயருக்கு ஓர் எழுத்து போதும். அதுதான் விதி.

முதல் கட்டுரையை அனுப்பியபோது, ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில், இங்கே எல்லோரும் செய்வதுபோல இனிஷியலை விரித்து அப்பன் பெயரைப் போட்டுத் தொலைத்தாள். இனி மாற்ற முடியாது என்று அதை வெளியிட்ட ஆய்விதழ் கைவிரித்துவிட்டது.

“பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குப் படிப்பு?” என்று குடித்துவிட்டு வந்து அவள் புத்தகங்களை அடுப்பில் போட்ட மனுஷன் அவன். அவனிடம் வாங்கிய அடியிலிருந்துதான் அந்தக் கட்டுரையே பிறந்தது. இப்போது அதைப் படித்தவர்களெல்லாம், “குடிகாரத் தகப்பனின் பிள்ளைகள் தூக்கத்திலும் நடுங்குகிறார்கள் என்கிறார் ஏசுராஜ்” என்று எழுதுகிறார்கள்.

அவளும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியாக வேண்டும். ஏசுராஜ் என்று தன் விரலாலேயே முழுசாக அடித்தாள். தனக்கென்று ஒரு ‘ஜா’ மிஞ்சியது.