நாற்காலிக் கடையின் நீண்ட ஜெபம்

அந்தக் கடையில் நூற்று நாற்பது நாற்காலிகள் இருந்தன. சோபா, கட்டில், மெத்தை எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரே நேரத்தில் முந்நூறு பேர் தாராளமாக உட்காரலாம். வேலை செய்பவர்கள் இருபத்திரண்டு பேர். காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை அவர்களில் ஒருவரும் உட்காரக் கூடாது. சாப்பாட்டுக்கு மட்டும் இருபது நிமிடம், அதுவும் கிடங்கில், அட்டைப்பெட்டிகள் மேல்.

"விக்கிற பொருள்ல நாம உட்கார்ந்தா அது பழசாயிடும். உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தா வர்றவங்க திரும்பிப் போயிடுவாங்க" என்பது முதலாளியின் சட்டம்.

வாடிக்கையாளரிடம், "சும்மா உட்கார்ந்து பாருங்க, எழுந்திருக்கவே மனசு வராது" என்று சொல்ல வேண்டும். சோபா அக்கா இந்த வாக்கியத்தை ஒன்பது வருடமாக நின்றுகொண்டே சொல்லிவந்தாள்.

அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. பார்க்கிற பகுதிதான் பெயர். சோபா அக்கா, பீரோ மாமா, மெத்தைப் பொண்ணு. மேற்பார்வையாளருக்குப் பகுதி இல்லாததால் கேமரா என்று வைத்தார்கள். மூன்றாவது மாடியில் ஒருவர் சுவரில் சாய்ந்தால் தரைத்தளத்தில் இருக்கும் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். முதலாளிக்கு ஆமென் சார் என்று பெயர். அதற்குக் காரணம் இருந்தது.

முதலாளி பக்திமான். தினமும் காலை ஒன்பதே முக்காலுக்குத் தரைத்தளத்தில், தரைவிரிப்புப் பகுதியில், எல்லோரையும் கூட்டி ஜெபம் நடத்துவார். சபை அச்சடித்துக் கொடுத்த நாட்காட்டியில் அன்றைக்கு என்ன வேதப்பகுதி போட்டிருக்கிறதோ அதைப் பீரோ மாமா வாசிப்பார். பிறகு சோபா அக்கா ஜெபிப்பாள். அவளுக்குக் குரல் நன்றாக இருக்கும் என்பதால் முதலாளியே கொடுத்த பொறுப்பு அது. அவள் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் முதலாளி கண்ணை மூடியபடி, "ஆமென்!" என்று கடை அதிர முழங்குவார். முன்னால் சொன்னது காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம். இடைவெளி விழுந்தால் ஆமென் விழும்.

ஜெபம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் மட்டும் எல்லோரும் தரைவிரிப்பில் உட்காரலாம்.

அது எப்படி நீண்டது என்று கேட்டால் சோபா அக்கா திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு நாள் ஜெபத்தை முடிக்கப்போகிற நேரத்தில் ஒரு கண்ணை லேசாகத் திறந்தாள். எதிரே மெத்தைப் பொண்ணு, சுருட்டிவைத்த கம்பளத்தில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டியிருந்தாள். ஆறு மாத வயிறு. கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. முகத்தில் மட்டும், கரை சேர்ந்தவளின் நிம்மதி.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு சோபா அக்காவுக்கு ஆமென் வாயில் வரவில்லை. லாரி ஓட்டுநர்களுக்காக ஜெபித்தாள். பிறகு மரம் அறுப்பவர்களுக்காக, பஞ்சு அடைப்பவர்களுக்காக. அன்று ஒன்பது நிமிடம்.

அடுத்த வாரம் பதினான்கு. அதற்கடுத்த வாரம் இருபத்திரண்டு. ஏழு கண்டங்களையும் பெயர் சொல்லி ஜெபித்தாள். கண்டம் தீர்ந்துபோன ஒரு நாள் பெருங்கடல்களுக்கும், அவற்றில் வாழும் மீன்களுக்கும் ஜெபித்தாள். மழைக்காக, வெயிலுக்காக, இரண்டும் ஒன்றுக்கொன்று சண்டை போடாமல் இருப்பதற்காக.

"அக்கா, நாளைக்கு நிலாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் மெத்தைப் பொண்ணு, காலை உருவிவிட்டுக்கொண்டே.

"சும்மா இருடி. இன்னைக்கே திமிங்கலம் வரைக்கும் போயிட்டேன்."

முதலாளிக்கோ தலைகால் புரியவில்லை. தன் கடையில் எழுப்புதல் வந்துவிட்டது, எல்லோருக்கும் பக்தி பொங்கிவிட்டது என்று முடிவுகட்டினார். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார்: "என்கிட்ட வேலை பார்க்கிறவங்க ஜெபத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கிறாங்க!" அதில் பொய் ஒன்றும் இல்லை. போதாததற்கு மாலை ஐந்து மணிக்கும் ஒரு ஜெபம் வைத்தார். வேறு எந்தக் கடையிலும் வேலையைக் கூட்டினால் முகம் சுளிப்பார்கள். இங்கே மாலை ஜெபம் என்றதும் இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் தோத்திரம் என்றார்கள். அதைக் கேட்டு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமைதான் வினை வந்தது.

அன்று நாட்காட்டியில் ஒரு தீர்க்கதரிசியின் பகுதி. கடவுள் தம் மக்களிடம் பொறுமை இழந்து பேசும் இடம் அது. உங்கள் பண்டிகைகள் எனக்குச் சுமை, உங்கள் பாட்டு எனக்கு இரைச்சல், எத்தனை நீளமாய் ஜெபித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், முதலில் ஒடுக்கப்பட்டவனுக்கு நியாயம் செய்துவிட்டு வாருங்கள் என்கிற பொருளில் போகும். பீரோ மாமாவுக்குக் கட்டைக்குரல். அவர் வாசித்தபோது கடவுளே பீரோவுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது.

முதலாளி ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். வாசிப்பு முடிந்ததும் கேமராவின் பக்கம் சாய்ந்து, "இதை அப்படியே எதிர்க்கடைக்காரனுக்கு அனுப்புய்யா. அவனுக்குன்னே எழுதினது" என்று கிசுகிசுத்தார்.

சோபா அக்காவுக்கோ ஒரே வரிதான் காதில் நின்றது. நீளமாய் ஜெபித்தாலும் கேட்க மாட்டேன். யாரைச் சொல்கிறார்? இந்தக் கடையில் நீளமாக ஜெபிப்பது யார்? மீன்களுக்காகத் தான் கேட்டதில் மீன்கள்மேல் துளி அக்கறை இருந்ததா? கடிகாரத்தின் மேல்தானே இருந்தது?

அன்று ஜெபம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. மாலையில் மூன்று. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னம்மா, தொண்டை சரியில்லையா?" என்று கேட்டார் முதலாளி.

"மனசு சரியில்ல சார்."

"உபவாசம் இரும்மா. சரியாயிடும்."

ஆறு மணிக்கு மெத்தைப் பொண்ணுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரட்டைக் கட்டில் ஒன்றின் விளிம்பைப் பிடித்து, பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் நின்றாள். கேமரா எங்கிருந்தோ முளைத்தார்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை சொல்லியாச்சு. இன்னொரு தடவை பார்த்தேன்னா நாளையிலிருந்து நீ வர வேண்டாம். நான் சொல்லலம்மா, சட்டம் சொல்லுது."

"சரி சார்" என்று நிமிர்ந்தாள் அவள். சோபா அக்கா மூன்று சோபா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு வந்த பக்திக்கு அவள் கால் கடுத்தது.

வீட்டில், வெந்நீர் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு கணவனிடம் கேட்டாள். அவன் பேருந்து ஓட்டுநர்.

"கடவுள்கிட்டப் பொய் சொன்னா ரொம்பப் பாவமா?"

"என்ன பொய் சொன்ன?"

"பொய்யில்ல. நீளமா சொன்னேன்."

விஷயத்தைக் கேட்டு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நல்ல குடும்பம்டி நம்மது. நான் நாள் பூரா உட்கார்ந்து முதுகு போச்சுங்கிறேன். நீ நாள் பூரா நின்னு கால் போச்சுங்கிற. ரெண்டு பேரும் வேலையை மாத்திக்கலாமா?"

"சிரிக்காதீங்க. நீளமா ஜெபிச்சா நான் பொய்க்காரி. சுருக்கமா ஜெபிச்சா அந்தப் பொண்ணு விழுந்துடுவா. நான் என்னதான் பண்றது?"

அவன் வாளியில் இன்னும் ஒரு செம்பு வெந்நீர் ஊற்றினான். "உனக்கு என்ன வேணும்? நாற்காலி. அவர்கிட்ட நாற்காலி கேட்டியா?"

"இல்ல."

"திமிங்கலத்துக்கெல்லாம் கேட்டிருக்க."

செவ்வாய்க்கிழமை காலை. நாட்காட்டியில் சாந்தமான பகுதிதான் வந்தது. சோபா அக்காவின் காதில் அது ஏறவில்லை. முழங்கால் போட்டாள். கண்ணை மூடுவதற்கு முன் கேமராவையும் முதலாளியையும் ஒருமுறை பார்த்தாள். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்குமா என்று ஒரு கணம் யோசித்தாள். கிடைக்காது என்றே தோன்றியது. கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, நான் உம்மகிட்ட ஒரு தப்பை ஒத்துக்கணும்."

"ஆமென்!" என்றார் முதலாளி.

"நான் நீளமா ஜெபிச்சது உம்ம மேல இருந்த அன்பால இல்ல."

"ஆமென்!"

"லாரிக்காரங்க, மீனுங்க, யாரையும் நான் நெஜமா நெனச்சுப் பார்க்கல. மெத்தைப் பகுதியில ஒரு புள்ளத்தாச்சி. அவ கொஞ்ச நேரம் உட்காரணும்னு இழுத்துட்டே போனேன்."

"ஆமென்!"

"எங்களுக்கும் கால் வலிக்குது. அதனால யாரும் என்னைத் தடுக்கல."

"ஆமென்!"

"நூத்தி நாப்பது நாற்காலி இருக்கிற கடையில, உட்கார்றதுக்கு உம்ம பேரைச் சொல்ல வேண்டியதாப் போச்சு ஆண்டவரே. என்னை மன்னிச்சிடும். எங்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி கொடும்."

"ஆமெ..."

அங்கே நின்றுவிட்டது. முதலாளி கண்ணைத் திறந்துவிட்டார். அரைகுறையாகத் தொங்கிய ஆமெனின் மிச்ச எழுத்தை, "...ன்" என்று கட்டைக்குரலில் முடித்துவைத்தார் பீரோ மாமா.

முதலாளி எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த கம்பள நூலைத் தட்டிவிட்டுத் தன் அறைக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா, என்னால உங்க வேலையும் போச்சு" என்றாள் மெத்தைப் பொண்ணு. அவளுக்கு அழுகை வந்தது.

"போனா வீட்ல போய் உட்கார்றேன்" என்றாள் சோபா அக்கா.

பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது. முதலாளி சுழல்நாற்காலியில் இருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனவளுக்கு, அவர் முகம் பரீட்சையில் தோற்ற பையனின் முகமாகத் தெரிந்தது.

"எழுப்புதல்னு சபையில சாட்சி சொல்லிட்டேனேம்மா! முன்வரிசையில எல்லாரும் கை தட்டினாங்க."

"மன்னிச்சிடுங்க சார்."

"என்னை ஏமாத்தினது போகட்டும். கடவுளையும் சேர்த்துல்ல ஏமாத்தியிருக்கீங்க?"

"அவருக்குத் தெரிஞ்சுதான் இருக்கும் சார். உங்களுக்குத்தான் தெரியல."

முதலாளி பேனாவைத் திறந்து மூடினார். "சரி, நீங்கல்லாம் உட்கார்ந்திருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"நாற்காலி நல்லா இருக்கும் போலன்னு நினைப்பாங்க."

அவர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். பிறகு மேசையிலிருந்த கைபேசியை அவள் பக்கம் தள்ளினார். "நேத்து அந்தப் பகுதியை எதிர்க்கடைக்காரனுக்கு அனுப்பச் சொன்னேன்ல? அவனும் எனக்கு அதையே அனுப்பியிருக்கான். நேத்துக் காலைல ஏழு மணிக்கே. எனக்கு முந்தி! ரெண்டு பேருக்கும் ஒரே நாட்காட்டிதான். ராத்திரிதான் பார்த்தேன், கொழுப்பு பிடிச்சவன்னு திட்டினேன். இன்னைக்குக் காலைலதான்... சரி விடுங்க. உட்காருங்க."

எதிரே ஒரு நாற்காலி இருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவளுக்குச் சொல்லப்பட்டது. சோபா அக்காவின் முழங்கால் தானாகவே மடங்கப் பார்த்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு மொதல்ல உட்காரட்டும் சார்."

முதலாளி அவளைப் பார்த்தார். எழுந்தார். வெளியே வந்து நாற்காலி வரிசைக்குப் போனார். முதலில் கை போனது கீறல் விழுந்த ஒன்றின்மேல். பழக்கதோஷம். கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கை பின்வாங்கி, மெத்தை வைத்த, கைப்பிடியுள்ள, விலைச்சீட்டு தொங்கும் நாற்காலி ஒன்றைத் தூக்கியது. தானே சுமந்துபோய் மெத்தைப் பகுதியில் வைத்தார். மூச்சு வாங்கியது.

"உட்காரும்மா."

அவள் கேமராவைப் பார்த்தாள். "பரவாயில்ல சார். நான் நிக்கறேன்."

"பயப்படாம உட்காரு."

"வேண்டாம் சார், பழகிடுச்சு."

"அம்மா தாயே, கெஞ்சிக் கேட்கிறேன், உட்காரும்மா!"

உட்கார்ந்தாள். முதலில் நுனியில், பிறகு கொஞ்சம் உள்ளே, பிறகு முதுகு சாய்ந்தது. கால்கள் நீண்டன. முதலாளி விலைச்சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பீரோ மாமாவிடம் பகுதிக்கு ஒன்றாக எடுத்துப் போடச் சொன்னார். கேமராவுக்கும் ஒன்று வந்தது. எட்டு வருடமாகக் கடையிலேயே அதிகம் நின்றவர் அவர்தான். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்போல நாற்காலியை இரண்டு முறை சுற்றிவந்தார். உட்கார்ந்த பின் அரைமணி நேரம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த அரைமணியில் யார் எங்கே சாய்ந்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

புதன்கிழமை காலை ஜெபத்துக்கு இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். சோபா அக்கா நாற்காலிகளுக்கு நன்றி சொன்னாள். மெத்தைப் பொண்ணின் பிரசவத்துக்காகக் கேட்டாள். எதிர்க்கடையில் நிற்பவர்களுக்காகவும் கேட்டாள். வேறு ஒன்றும் சொல்வதற்கு இல்லாததால் முடித்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் ஒரு ஆமெனும் விழவில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

முதலாளி முழங்காலிலேயே இருந்தார். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

மணி பத்தானது. வெளியே இரண்டு மூன்று பேர் நிற்கும் நிழல் கண்ணாடிக் கதவில் தெரிந்தது. கேமரா சோபா அக்காவிடம் குனிந்து, "திறக்கலாமா? சார் இன்னும் எழுந்திருக்கலையே" என்றார்.

"திறங்க. வர்றவங்களை உட்காரச் சொல்லுங்க" என்றாள் அவள் மெதுவாக. "இவருக்குக் கொஞ்சம் நேரமாகும் போலிருக்கு."